'எந்தத் தொடர்பும் இல்லை' என்று அண்ணன் படத்தைப் போட்டு அறிவிப்பு கொடுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

கெடிலக்கரை
ஞாயிறு, இரவு 9.12

நாங்கள் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். என் அண்ணன் பதினொரு வருடம் ஒரு நிதி நிறுவனத்துக்குத் தினவசூல் முகவராக இருந்தார். விடிந்ததும் மார்க்கெட்டில் பூக்கடை, காய்க்கடைகள். பத்து மணிக்கு மேல் முதுநகர் பக்கம் மீன்காரப் பெண்கள். ஐம்பது, நூறு என்று வாங்கி, மஞ்சள் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, மாலையில் கிளை அலுவலகத்தில் கட்டிவிட்டு வருவார். ஒரு நாள் கணக்குகூடப் பிசகியதில்லை.

ஏழெட்டு மாதமாக அந்த நிறுவனம் முதிர்வுத் தொகையைக் கொடுக்காமல் இழுத்தடிக்கிறது. பணம் போட்டவர்களுக்கு முதலாளியின் முகம் தெரியாது. அண்ணன் முகம்தான் தெரியும். அவரைத்தான் கேட்டார்கள். அவர் அலுவலகத்தில் போய்க் கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அழுத ஒரு பூக்கார அம்மாவுக்கு, அண்ணியின் வளையலை அடகு வைத்துத் தானே கொடுத்தார். கடைசியில் எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போய்விட்டார்.

அது நடந்த நான்காம் நாள் நாளிதழில் இந்த அறிவிப்பு வந்தது: "மேலே படத்தில் காணும் நபருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இவர் எங்கள் நிறுவனத்தில் பணியாற்றவில்லை. இவருடன் எவரேனும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டால் அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல."

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. நிறுவனத்தின் ஆண்டுவிழாவில், அந்த வருடம் அதிக வசூல் செய்ததற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது எடுத்த படம் அது. மற்றவர்களை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போட்டிருக்கிறார்கள். ஆனால் இடது தோளில் பொன்னாடையின் சரிகை தெரிகிறது. அதைப் பிடித்திருக்கும் மேலாளரின் இரண்டு விரல்களும், பச்சைக்கல் மோதிரத்தோடு, தெரிகின்றன.

ரேஷன் கடையில் யாரோ சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அண்ணன் மூன்று நாளாக வெளியே வரவில்லை. சட்டப்படியோ வேறு வழியிலோ என்ன செய்ய முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


முதுநகர் செல்வி
ஞாயிறு, இரவு 9.40

தம்பி, முதலில் காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். நியமனக் கடிதம், கமிஷன் ரசீது, அடையாள அட்டை எது இருந்தாலும் சரி. பணம் போட்டவர்களின் மஞ்சள் அட்டைகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "அட்டையைக் கொண்டுவந்து கொடுங்கள், புது அட்டை தருகிறோம்" என்று நிறுவனத்தார் கேட்டால் யாரும் கொடுத்துவிடக் கூடாது. எங்கள் தெருவில் முன்பு ஒரு சீட்டு விவகாரத்தில் அப்படித்தான் அத்தாட்சி கைமாறிப் போனது. அந்த முழுப் படத்தையும், வெட்டாததை, தேடிப் பிடியுங்கள்.


வில்லியனூர் வணிகர்
ஞாயிறு, இரவு 10.25

உங்கள் அண்ணனுக்கு நடந்தது அநியாயம். ஆனால் இப்படிப்பட்ட அறிவிப்புகளையே தவறு என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் மின்சாதனப் பொருள் வியாபாரம் செய்கிறேன். என்னிடம் ஐந்து வருடம் விற்பனைப் பிரதிநிதியாக இருந்த ஒருவர், வேலையை விட்ட பிறகும் பழைய பில் புத்தகத்தை வைத்துக்கொண்டு காலாப்பட்டு முதல் பாகூர் வரை வீடு கட்டுகிறவர்களிடம் முன்பணம் வாங்கினார். மொத்தம் 2,40,000 ரூபாய். பணம் கொடுத்தவர்கள் என் கடை வாசலில் வந்து நின்றார்கள். நான் படத்தோடு அறிவிப்பு கொடுத்த பிறகுதான் அது நின்றது. அவருடைய குழந்தைகளை நினைத்து இரண்டு இரவு தூங்காமல் இருந்துவிட்டுத்தான் கொடுத்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பெயரைக் காப்பாற்றிக்கொள்வது வணிகனுக்கு உயிரைக் காப்பாற்றிக்கொள்வது போல.


பிழைதிருத்தி
திங்கள், காலை 6.15

புதுச்சேரியில் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வகை அறிவிப்புகள் ஆயிரக்கணக்கில் என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேலையை விட்டுப் போன ஊழியரைப் பற்றி நிறுவனம் கொடுப்பது ஒன்று. கூட்டாளி விலகியதைப் பற்றிக் கொடுப்பது ஒன்று. பெற்ற பிள்ளையைப் பற்றித் தகப்பன் கொடுப்பது இன்னொன்று. அதில் "எனக்கும் என் மகனுக்கும் இன்று முதல் எந்த ஒட்டும் உறவும் இல்லை" என்று இருக்கும். கட்சிக்காரர்களுடையது தனி நடை: "கொள்கை, குறிக்கோள்களுக்கு முரணாகச் செயல்பட்டதால் அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார், யாரும் இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது." தலைமுழுகுவது, தண்ணீர் தெளித்துவிடுவது என்று நம் வீடுகளில் வாயால் சொல்லிவந்ததைத்தான் இவையெல்லாம் அச்சில் செய்கின்றன. தலைமுழுகுவது என்பது சாவு வீட்டுச் சடங்கு. உயிரோடு இருப்பவர் பேரில் அதைச் செய்கிறோம் என்பதை நாம் யாரும் நின்று நினைப்பதில்லை.

இப்போது அந்த அறிவிப்பின் வாசகத்துக்கு வருகிறேன். "பணியாற்றவில்லை" என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் "இல்லை" என்பது காலம் காட்டாது. "பணியாற்றினார்" என்றால் இறந்தகாலம், "பணியாற்றுகிறார்" என்றால் நிகழ்காலம். ஆனால் "பணியாற்றவில்லை" என்றால் நேற்றும் ஆகலாம், இன்றும் ஆகலாம். நாளை நீதிமன்றத்தில் கேட்டால் "இப்போது பணியாற்றவில்லை என்றுதான் சொன்னோம்" என்பார்கள். படிக்கிறவர்களோ "எப்போதுமே பணியாற்றியதில்லை, ஏமாற்றுக்காரன்" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அறிவிப்பை எழுதியவருக்கு இந்த இரண்டும் தெரியும்.

நான் பணியில் இருந்தவரை, யார் இந்த வாசகத்தோடு வந்தாலும் ஒன்று கேட்பேன்: "ஐயா, இவர் எப்போதாவது உங்களிடம் வேலை செய்தாரா?" ஆமாம் என்றால், "இன்று முதல்" என்ற இரண்டு சொல்லைச் சேர்க்கச் சொல்வேன். பலர் சேர்த்துவிடுவார்கள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு பத்திரிகைக்குப் போயிருக்கிறார்கள்.

மகன் மீது அறிவிப்பு கொடுக்க வந்த ஒரு தகப்பனாரை மறக்க முடியாது. அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்தவர். பணம் கட்டிவிட்டுப் போய், இரவு ஒன்பதரை மணிக்கு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "வேண்டாம், நிறுத்திவிடுங்கள்" என்றார். பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. வாசலில் உட்கார்ந்தவர் காலை வரை எழுந்திருக்கவில்லை. முதல் கட்டு வெளியே வந்ததும் அதிலிருந்து ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்கி, அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.


நெல்லிக்குப்பம் வழக்கறிஞர்
திங்கள், காலை 8.50

பிழைதிருத்தி ஐயா சொன்ன "இன்று முதல்" என்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

முகவரை நீக்கிவிட்டோம் என்று அறிவிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. சொல்லப்போனால் அறிவிக்காமல் இருந்தால்தான் சிக்கல். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 208ஆவது பிரிவின்படி, முகவரின் அதிகாரம் நீங்கிய செய்தி வெளியாருக்குத் தெரியவரும்போதுதான் அவர்களைப் பொறுத்தவரை அது நீங்கியதாகும். கூட்டு வணிகத்திலும் இதே தத்துவம்தான். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 72ஆவது பிரிவு, பதிவு பெற்ற நிறுவனத்திலிருந்து ஒரு கூட்டாளி விலகினால் அரசிதழிலும், அந்த மாவட்டத்தில் ஓடும் தாய்மொழி நாளிதழ் ஒன்றிலாவதும் வெளியிட வேண்டும் என்கிறது. வில்லியனூர் வணிகர் அறிவிப்பு கொடுத்ததில் தவறில்லை.

ஆனால் அறிவிப்பு முன்னோக்கித்தான் வேலை செய்யும். பதினொரு வருடம் நிறுவனத்தின் அட்டையோடு ஒருவரை ஊருக்குள் அனுப்பி, அவர் கட்டிய பணத்தை வாங்கிக்கொண்டு, பின்னால் ஒரு நாள் விளம்பரத்தால் அதை அழிக்க முடியாது. தன் சொல்லாலோ நடத்தையாலோ முகவருக்கு அதிகாரம் இருப்பதாகப் பிறரை நம்பவைத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று அதே சட்டத்தின் 237ஆவது பிரிவு சொல்கிறது.

அவதூறு என்றால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு. பொதுநலனுக்காக நல்லெண்ணத்தோடு எச்சரித்தோம் என்று நிறுவனம் அதில் உள்ள விதிவிலக்கைக் கேட்கும். தெரிந்தே பொய்யைச் சொன்னவர் நல்லெண்ணம் என்று வாதிடுவது எளிதல்ல. பொய் என்று காட்ட உங்களிடம் அத்தாட்சி வேண்டும், அவ்வளவுதான். கமிஷனில் வருமானவரி பிடித்திருந்தார்களா? பிடித்திருந்தால் 26ஏஎஸ் படிவத்தில், பிடித்த நிறுவனத்தின் பெயரோடு, ஒவ்வொரு ஆண்டும் பதிவாகியிருக்கும். அதை அவர்களால் வெட்ட முடியாது.

இன்னொன்றை அவசரமாகச் சொல்ல வேண்டும். இந்த அறிவிப்பு உங்கள் அண்ணனை அவமானப்படுத்துவதற்காக மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாளைக்குப் பணம் எங்கே என்று போலீஸ் கேட்டால் "வெளியாள் ஒருவன் எங்கள் பெயரில் வசூலித்துவிட்டான்" என்று கைகாட்ட இப்போதே வழி வெட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரிக்கும். பணம் போட்டவர்கள் புகார் கொடுக்கட்டும், உங்கள் அண்ணன் சாட்சியாக அவர்களோடு போகட்டும். வீட்டுக்குள் இருந்தால் ஒளிந்திருப்பதாகத்தான் எழுதுவார்கள்.


பண்ருட்டிப் பலா
திங்கள், பிற்பகல் 1.30

வழக்கறிஞர் ஐயா கடைசியாகச் சொன்னதை நான் அனுபவித்தவன். 2020 மே மாதம் கோயம்பேட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்து ஊர் திரும்பினேன். கோயம்பேட்டிலிருந்து வந்தவர்களால் நம் மாவட்டத்தில் கொரோனா எண்ணிக்கை ஏறிய நேரம். எனக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் என் தாய்மாமன் பால்காரரிடம், "அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து இல்லை, எங்களுக்குப் பால் ஊற்றுங்கள்" என்று சொன்னது எங்கள் திண்ணை வரை கேட்டது. பயம்தான் என்று இப்போது புரிகிறது. நான் செய்த தவறு, தனிமைக் காலம் முடிந்த பிறகும் இரண்டு மாதம் வெளியே போகாமல் இருந்தது. அண்ணனை நாளைக் காலையிலேயே டீக்கடைக்கு அழைத்துப் போங்கள். நீங்களும் கூடப் போங்கள்.


வெள்ளைநகர்
திங்கள், இரவு 8.05

முகவர் லாபம் கொண்டுவரும்வரை நம்மவர், நஷ்டம் வந்தால் யாரோ என்பது எங்கள் ஊர் வரலாற்றிலேயே இருக்கிறது. துப்ளேக்ஸ் 1742 முதல் 1754 வரை புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர். பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தன் சொந்தப் பணத்தையும் கடன் வாங்கியும் செலவழித்ததாகக் கணக்கு காட்டினார். கம்பெனி அதை ஏற்க மறுத்தது. 1763இல் பாரிசில் வறுமையில் இறந்தார். பிறகு வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, 1758இல் உங்கள் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தவர். 1761இல் புதுச்சேரி விழுந்ததும் துரோகி என்று சொல்லி 1766இல் பாரிசில் தலையை வெட்டினார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அந்தத் தீர்ப்பு செல்லாது என்றார்கள். துப்ளேக்சுக்கு 1870இல் இங்கே சிலை வைத்தார்கள். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் இன்றைக்கும் நிற்கிறார்.

பிறர் மண்ணைப் பிடிக்க வந்தவர்களுக்காக நான் கண்ணீர் விடவில்லை. கம்பெனிகள் நடந்துகொள்ளும் விதத்தைச் சொன்னேன். "நீ செலவழித்தது உன் விருப்பம், எங்களைக் கேட்டா செய்தாய்?" என்ற அந்தப் பதிலைத்தான் உங்கள் அண்ணனின் வளையல் பணத்துக்கும் சொல்லப்போகிறார்கள். அந்த அடகு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.


லபோர்த் வீதி
திங்கள், இரவு 9.30

எல்லா விலகலையும் ஒரே தராசில் வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873இல் ஐரோப்பியக் காலணியோடு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனதற்காக நடவடிக்கைக்கு ஆளாகி, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசின் ஆணை வந்தபோது, சாதி வழக்கத்தோடு பிணைந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் போனவர்களுக்கு அவரே முன்னோடி. லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். துறந்தால் திரும்ப முடியாது என்று அந்த ஆணையிலேயே இருந்தது.

என் கொள்ளுப்பாட்டனாரும் அப்படித் துறந்தவர். அவருக்கு முன் இருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே எந்தத் தெரு, எந்தக் கிணறு என்று தெரிந்துவிடும். அந்தப் பெயரோடு தனக்குத் தொடர்பில்லை என்று அலுவலகத்தில் போய்க் கையெழுத்திட்ட நாளை எங்கள் வீட்டில் பண்டிகை போலச் சொல்வார்கள். சொந்தக்காரர்கள் பலர் அவரைத் தலைமுழுகினார்கள். அவர் தன்மேல் ஒட்டவைத்திருந்த ஒன்றை உதறினார். இந்த நிறுவனமோ தனக்காக உழைத்த ஆளை உதறுகிறது. இரண்டுக்கும் "தொடர்பில்லை" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் என் வருத்தம்.


வில்லியனூர் வணிகர்
செவ்வாய், காலை 7.10

பிழைதிருத்தி ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, நான் கொடுத்த அறிவிப்பை எடுத்துப் பார்த்தேன். "எங்கள் நிறுவனத்துக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்றுதான் இருக்கிறது. ஐந்து வருடம் என்னிடம் வேலை செய்தார் என்று எங்கும் இல்லை. ஏமாற்றியவர் அவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஐந்து வருடத்தில் என் தந்தையை மருத்துவமனையில் இரவெல்லாம் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அதையும் சேர்த்து இல்லை என்று சொல்லிவிட்டேன். இது என்னை உறுத்துகிறது.


தமிழாசிரியை, மஞ்சக்குப்பம்
செவ்வாய், மாலை 5.45

ஒரு பழைய செய்தி உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். பாரதியும் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரியில் அடைக்கலமாக இருந்தபோது அவர்களோடு பேசினாலே உளவாளிகள் குறித்துக்கொள்வார்கள். ஊரில் மதிப்புள்ள ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்காவிட்டால் வெளியூரார் தங்க முடியாது என்று ஒரு சட்டமும் வந்தது. எல்லாரும் ஒதுங்கிக்கொள்வார்கள் என்று எண்ணித்தான் அப்படி ஒரு சட்டம். கலவை சங்கர செட்டியார் முன்னின்று அந்தக் கையெழுத்துகளை வாங்கித் தந்தார். அரவிந்தர் 1910இல் வந்திறங்கித் தங்கியதும் அவர் வீட்டில்தான். பாரதி 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகி, நம் கடலூர்ச் சிறையில்தான் வைக்கப்பட்டார். புதுச்சேரியில் அத்தனை வருடம் அவரைக் காத்ததில் அந்தக் கையெழுத்துகளுக்கும் பங்கு உண்டு.

உங்கள் அண்ணனுக்கும் ஐந்து கையெழுத்து வாங்குங்கள். "இவர் இந்த நிறுவனத்தின் முகவராக என்னிடம் பணம் வாங்கினார், அட்டை என்னிடம் இருக்கிறது" என்று அந்த வியாபாரிகளே எழுதிக் கொடுக்கட்டும். புகாரோடு இணைக்கலாம்.


நெல்லிக்குப்பம் வழக்கறிஞர்
செவ்வாய், இரவு 7.00

ஆம். உறுதிமொழிப் பத்திரமாகவே வாங்கலாம்.


கெடிலக்கரை
வெள்ளி, இரவு 10.20

நடந்ததை எழுதுகிறேன். புதன் விடியற்காலை அண்ணனை அழைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். முதல் மூன்று கடைகளில் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு காய்க்கடைக்காரர், "பேப்பரில் போட்டிருக்கிறார்களே, நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது" என்றார். அண்ணன் திரும்பிவிடலாம் என்றார். அப்போது அந்தப் பூக்கார அம்மா, வளையல் பணத்தில் மகள் கல்யாணத்தை முடித்தவர், கூடையை அப்படியே வைத்துவிட்டு வந்து முதல் கையெழுத்தைப் போட்டார். கதம்பம் கட்டிய ஈரக் கை. தாளில் விரல் தடம் பதிந்துவிட்டது. வேறு தாள் கொண்டுவருகிறேன் என்றேன், அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். மதியத்துக்குள் முதுநகரில் பதினான்கு பேர் ஆனார்கள். அந்தக் காய்க்கடைக்காரர் மாலையில் தானே தேடி வந்து போட்டார்.

26ஏஎஸ் படிவத்தில் எட்டு வருடம் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. முழுப் படம் அண்ணியின் பெட்டியிலேயே சட்டம் போட்டு இருந்தது. நேற்றுப் புகார் கொடுத்துவிட்டோம். பணம் வருமா என்பது இனிமேல்தான் தெரியும்.

நிறுவனம் திருத்தம் வெளியிடாவிட்டால் நாங்களே ஓர் அறிவிப்பு கொடுப்பதாக இருக்கிறோம். அண்ணன் எழுதியது இது. பிழைதிருத்தி ஐயா பார்த்துத் தர வேண்டும்:

"நான் 2014 முதல் 2025 வரை மேற்படி நிறுவனத்தில் வசூல் முகவராகப் பணியாற்றினேன். என்னிடம் பணம் கட்டியவர்கள் தங்கள் அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கவும். அந்தக் கையெழுத்து என்னுடையது. இன்று முதல் எனக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடர்பு இல்லை."


பிழைதிருத்தி
சனி, காலை 5.50

வாசகத்தில் பிழை எதுவும் இல்லை. "அந்தக் கையெழுத்து" என்பதை மட்டும் "அதில் உள்ள கையெழுத்து" என்று மாற்றுங்கள். படம் போடுவதானால் பொன்னாடையோடு உள்ள முழுப் படத்தையே போடுங்கள். ஆனால் மற்றவர்கள் முகத்தை மறைத்துவிடுங்கள், அவர்களைக் கேட்காமல் போடக் கூடாது.